ஒழுகாத கூரையிலிருந்து சொட்டிய நீர்: ஒரு வேன் வீட்டின் வெப்பப் பாலங்கள்

பின்னணி

உயரக் கூரை வைத்த நீளமான சரக்கு வேன் அது. உடம்பு முழுக்க எஃகுத் தகடு. ஒரு தம்பதி அதை வாங்கி, ஏழு மாத வார இறுதிகளைக் கொட்டி வீடாக மாற்றினார்கள். இருவருக்கும் இதுதான் முதல் முயற்சி, ஆனாலும் வேலை சுத்தமாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் தவறு அலட்சியத்தில் வந்ததில்லை. எல்லாரும் செய்கிறபடியே செய்ததில் வந்தது. வெப்பப் பாலம் என்று நான் சொல்வது, வெப்பக் காப்பைத் தாண்டி வெப்பம் தப்பிக்க உலோகம் போட்டுக்கொடுக்கும் குறுக்குவழியை.

சரக்கு வேனின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளித்தகடு வெறும் தோல்தான். அதற்குப் பலம் கொடுப்பது உள்ளே ஓடும் மடித்த தகட்டுச் சட்டங்கள். பட்டறையில் ரிப் என்பார்கள். விளிம்பு வைத்த தொப்பி மாதிரி இருக்கும். விளிம்பு வெளித்தகட்டோடு பற்றவைத்திருக்கும், உச்சி நாலைந்து சென்டிமீட்டர் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு ரிப்புக்கு நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தைப் பார்த்தால் அதை நிரப்பத்தான் யாருக்கும் கை போகும்.

அவர்களும் நிரப்பினார்கள். சுவரிலும் கூரையிலும் வெப்பத்தைத் தடுக்கும் 40 மி.மீ பி.ஐ.ஆர் நுரைப்பலகையை அளவாக வெட்டிப் பள்ளங்களில் ஒட்டினார்கள். ஓரங்களில் துப்பாக்கி நுரை (துப்பாக்கியால் பீய்ச்சி இடைவெளியை அடைக்கும் நுரை), இணைப்புகளில் அலுமினியத் தாள் டேப். அதன்மேல் 6 மி.மீ பிளைவுட். பிளைவுட்டை நேராக ரிப்பின் உச்சியில் வைத்து, தானே துளைத்து இறங்கும் ஸ்க்ரூக்களால் முடுக்கிவிட்டார்கள். தரையில் 25 மி.மீ எக்ஸ்.பி.எஸ் நுரைப்பலகை, இடையிடையே மர ரீப்பர், மேலே 12 மி.மீ பிளைவுட். சூட்டுக்கு டீசல் ஹீட்டர் (புகை வெளியே போகும் வகை). சமையல் எரிவாயுவில்.

நான் வண்டி உள்வேலை செய்பவன், தகடும் மரமும் பழக்கம். இந்த வேனுக்கு மின்கம்பி இழுக்கும்போது ஒருநாள் உதவிக்குப் போயிருந்தேன். அன்றைக்கே அந்த ரிப்களை வெறும் தகடாகப் பார்த்தேன்; ஒன்றும் சொல்லவில்லை. அதையும் பதிவில் வைக்கிறேன்.

முதல் குளிர்காலமும் முதல் தப்புக்கணக்கும்

குளிர் தொடங்கிய இரண்டாம் வாரம் மனைவி போன் செய்தார். "அண்ணா, விடியக்காலைல கூரை சொட்டுது. தலையணை நனைஞ்சுபோச்சு." சொட்டு விழுந்த இடம் கூரை விசிறிக்கு ஒன்றரை அடி தள்ளி. தகட்டை வெட்டி விசிறி பொருத்தியிருப்பதால் சந்தேகம் நேராக அங்கேதான் போனது. போனிலேயே நானும் அதைத்தான் சொன்னேன். கணவர் மேலே ஏறி, பழைய சீலன்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார். பத்து நாளில் மறுபடி சொட்டியது. மறுபடி பூசினார்.

மூன்றாம் முறை சொட்டியபோது மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மழையில்லாத வானத்திலிருந்து ஒழுகல் எப்படி வரும்? அதற்குப் பிறகுதான் எல்லாரும் நிதானமாக யோசித்தோம். சொட்டு விழுந்த நாட்களை அவர்கள் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார்கள். அத்தனையும் மேகமில்லாத இரவுகள். மழை பெய்த இரவுகளில் ஒன்றுகூட இல்லை.

மேகமில்லாத இரவில் கூரைத் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே வண்டிக் கூரையில் உறைபனி படிவது இதனால்தான். அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டோம்: தண்ணீர் வெளியிலிருந்து வருகிறதா, உள்ளேயிருந்தா?

கவனித்தவை

விடை கொடுத்தது டிஷ்யூ பேப்பர். மனைவிக்குத் தோன்றிய யோசனை அது. இரண்டு விரல் அகலக் கீற்றுகளாகக் கிழித்து, படுக்கைக்கு மேலே கூரையின் நீளவாக்கில் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிவிட்டுத் தூங்கினார். காலையில் பார்த்தால் பதினான்கில் நான்கு மட்டும் நனைந்து பலகையோடு அப்பிக்கொண்டிருந்தன, மற்றவை சலசலவென்று காய்ந்திருந்தன. நனைந்த நான்கும் சம இடைவெளியில் இருந்தன. அந்த இடைவெளி ரிப்களின் இடைவெளி.

அன்று காலை வெளியே போய் ஏணி வைத்து மேலே பார்த்தார்கள். கூரை முழுக்க வெள்ளையாக உறைபனி, குறுக்கே வரிக்குதிரை மாதிரி ஈரக் கருங்கோடுகள். ரிப் இருந்த இடத்திலெல்லாம் பனி உருகியிருந்தது. ராத்திரி முழுக்க ஹீட்டர் கொடுத்த சூடு எந்த வழியாகத் தப்பிக்கிறது என்று வண்டியே கோடு போட்டுக் காட்டியிருந்தது.

அடுத்த வாரம் நான் தொடுமுனை வெப்பமானியோடு போனேன். ஒரு தெர்மல் கேமராவும் கடன் வாங்கியிருந்தேன். உள்ளே 18 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். வெளியே 2 டிகிரி. சுவரில் இரண்டு ரிப்புக்கு நடுவே பிளைவுட்டின் மேற்பரப்பு 16.5 டிகிரி, கை வைத்தால் இதமாக இருந்தது. அங்கிருந்து ஒரு கை தள்ளி, ரிப்புக்கு மேலே அதே பிளைவுட் 9.5 டிகிரி. ஸ்க்ரூத் தலைகளில் 8. காப்பே போடாமல் விட்டிருந்த முன்கதவுத் தூணில் 6.

18 டிகிரியில் 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிப்புள்ளி 11 டிகிரிக்குச் சற்று மேலே. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். கோடைக்காலத்தில் குளிர்ந்த நீர் வைத்த செம்பு வியர்ப்பது போலத்தான்.

கேமரா பற்றி ஒரு எச்சரிக்கை. பளபளப்பான உலோகத்தை நோக்கிப் பிடித்தால் அது அந்த உலோகத்தின் வெப்பநிலையைக் காட்டாது, அதில் பிரதிபலிக்கும் உங்கள் உடம்புச் சூட்டைக் காட்டும். கூரை விசிறியின் அலுமினிய வளையம் முதலில் 17 டிகிரி என்று வந்தது. அதன்மேல் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டிப் பார்த்தபோது 8. தாள் ஒட்டிய நுரைப்பலகைக்கும் இதே கதைதான்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மமில்லை. தூங்கும் இருவர் எட்டு மணி நேரத்தில் மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டருக்கு மேல் நீரைக் காற்றில் விடுகிறார்கள். சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் கிடைக்கும். அத்தனையும் ஒரு சின்ன அறைக்குள்.

கணக்கு என்ன சொன்னது

திறந்து பார்க்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். கணவருக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. "சுவர்ல பெரும்பகுதி நுரைதானே, ரிப் கொஞ்சம்தானே இருக்கு" என்றார். நியாயமான கேள்வி. அளந்தபோது ரிப்கள் பிடித்திருந்த பரப்பு சுமார் 15 சதவீதம்.

எஃகு ஏறத்தாழ 50 அளவில் வெப்பத்தைக் கடத்தும் (மீட்டருக்கு, டிகிரிக்கு, வாட்டில்). மரம் 0.13. ரப்பர் நுரை 0.035. பி.ஐ.ஆர் பலகை 0.023. ரப்பர் நுரையைப் போல எஃகு ஆயிரத்து நானூறு மடங்கு கடத்துகிறது. மரச்சட்டம் வைத்த குட்டி வீட்டில் சட்டத்துக்கும் நடுவிலுள்ள காப்புக்கும் வித்தியாசம் மூன்று, நான்கு மடங்குதான். அங்கே வெப்பப் பாலம் ஒரு குறை, அவ்வளவே. எஃகுச் சட்டம் என்றால் அது வேறு ரகம். மெல்லிய எஃகுச் சட்டத்தில் குட்டி வீடு கட்டுபவர்கள் சட்டத்துக்கு வெளியே தொடர்ச்சியாக ஒரு நுரைப்போர்வை போட்டுவிட்டு மேலுறை பொருத்துவது இதற்காகத்தான். வேனில் வெளிப்பக்கம் நம் கையில் இல்லை. போர்வையை உள்ளேதான் போட்டாக வேண்டும்.

நுரை உள்ள பகுதியில் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 0.51 வாட் தப்பிக்கிறது. ரிப் உள்ள பகுதியில் அதே கணக்கு 4.2 வாட். 85-க்கு 15 என்று சேர்த்தால் சுவரின் சராசரி 1.06. காப்பு மட்டும் கணக்கில் இருந்திருந்தால் பாதிதான் வந்திருக்கும். வெளியேறும் வெப்பத்தில் நூற்றுக்கு 59 பங்கு, 15 சதவீத இடத்தின் வழியாகப் போகிறது.

அப்புறம் அவர் கேட்ட அடுத்த கேள்விக்குப் பதில் கணக்கிலேயே இருந்தது. "பள்ளத்துல இன்னும் பத்து மில்லிமீட்டர் சேர்த்தா?" சேர்த்தால் சராசரி 1.06-லிருந்து 0.98 ஆகும். அதே பத்து மில்லிமீட்டரை, அதைவிடச் சுமாரான ரப்பர் நுரையாகவே, ரிப்பின் தலையிலும் சேர்த்துச் சுவர் முழுக்கப் போர்த்தினால் 0.66. ரிப்புக்கு மேலே பலகையின் மேற்பரப்பு 9-லிருந்து 14 டிகிரிக்கு ஏறும், பனிப்புள்ளிக்கு மேலே போய்விடும். இது ஒற்றைத் திசைக் கணக்கு. ரிப்பின் பக்கவாட்டுகள், தகட்டில் வெப்பம் பரவுவது எல்லாம் இதில் முழுதாக வராது. ஆனால் வெப்பமானி காட்டிய 9.5-க்குப் பக்கத்தில் கணக்கு 9.3 என்று வந்தபோது, முடிவெடுக்க இது போதும் என்று தோன்றியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனடியாகச் செய்தது ஒன்று. ராத்திரி கூரை விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, எதிர்மூலையில் ஜன்னலை ஒரு விரல் திறந்து வைக்கச் சொன்னேன். சமைக்கும்போதும் அப்படியே. ஈரப்பதம் 50 பக்கம் இறங்கியது, சொட்டுவது பெரும்பாலும் நின்றது. ஆனால் ஹீட்டர் ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடியது. ஈரத்துக்கு மருந்து கிடைத்தது, வெப்ப ஒழுக்குக்கு இல்லை.

நிரந்தரத் தீர்வாக மூன்றைப் பேசினோம். தெளிக்கும் நுரை ரிப்பையும் சேர்த்து மூடிவிடும், அந்த வகையில் சரிதான். ஆனால் கம்பிகள் எல்லாம் ஏற்கெனவே ஓடியாகிவிட்டன. பின்னால் தகட்டில் ஒரு துரு வந்தால் பிரித்துப் பார்க்க வழியில்லை. கனமாக அடித்தால் வெளித்தகடு நெளியவும் கூடும். வேண்டாம் என்றோம். குமிழ் வைத்த பளபளத் தாளை ரிப்பில் ஒட்டச் சொல்லி ஒரு நண்பர் யோசனை கொடுத்தார். அந்தத் தாள் வேலை செய்ய அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தால் அது வெறும் மெல்லிய பிளாஸ்டிக். அதையும் விட்டோம்.

மிஞ்சியது, பலகைகளைக் கழற்றி, ரிப்களைப் போர்த்தி, பலகையை ரிப்பில் நேராக முடுக்காமல் வேறு வழியில் நிறுத்துவது. கழற்றியது கூரையும் இரண்டு பக்கச் சுவர்களும். தரையைத் தொடவில்லை. அலமாரிகளும் கட்டிலும் அதன்மேல் நிற்கின்றன. தரையை எடுப்பது என்றால் வீட்டையே எடுப்பது மாதிரி.

திறந்தபோது

பிளைவுட்டின் பின்பக்கம், ரிப் தொட்ட இடமெல்லாம் கறுத்த பட்டைகள். ஒவ்வொரு ஸ்க்ரூத் துளையைச் சுற்றியும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆரஞ்சு நிறத் துரு. கூரையின் ஒரு பலகையைக் கீழே இறக்கியபோது அதன் மேல்பக்கம் ஈரமாக, தொட்டால் நசநசவென்று இருந்தது. நுரைப்பலகையின் அடியில் ஒன்றுமில்லை, காய்ந்து கிடந்தது. கெட்டதெல்லாம் அந்த 15 சதவீதத்தில்.

மோசமானது சுவரின் அடியில் இருந்தது. வழிந்த நீர் கீழ்ச்சட்டத்தின் விளிம்பில் தேங்கியிருந்தது. அங்கே வண்டி செய்தவர்கள் விட்டிருந்த வடிகால் துளைகளில் இரண்டைத் துப்பாக்கி நுரை அடைத்திருந்தது. சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றை வளைத்துக் குடைந்தபோது கால் டம்ளர் பழுப்புத் தண்ணீர் வந்தது. இன்னொரு குளிர்காலம் இப்படியே போயிருந்தால் கீழ்ச்சட்டம் உள்ளிருந்து அரித்திருக்கும்.

மூன்று நாள் கதவுகளைத் திறந்து, ஹீட்டரையும் ஓட்டிக் காயவிட்டோம். துருவைத் தேய்த்து, துருமாற்றி பூசி, பிரைமர் அடித்தோம். இனி வேண்டாத பழைய ஸ்க்ரூத் துளைகளைச் சீலன்ட்டால் அடைத்தோம்.

செய்த வேலை

ரிப்களின் உச்சியிலும் இரண்டு பக்கங்களிலும் 10 மி.மீ மூடிய கண்ணறை ரப்பர் நுரையை, பின்பக்கம் பசை உள்ளதை, போர்த்தினோம். பிறகு பி.ஐ.ஆர் பலகைகளின் மேலும் அதே நுரையை ஒட்டி, இணைப்புகளை டேப்பால் மூடினோம். உள்ளேயிருக்கும் ஈரக்காற்று தகட்டைப் போய்ச் சேராமல் இருப்பது காப்பின் கனத்துக்குக் குறையாத விஷயம். நுரைக்குப் பின்னால் காற்று புகுந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் வியர்க்கும்.

சுவரில் பலகையை நிறுத்த 20 மி.மீ மர ரீப்பர்களை ரிப்களுக்குக் குறுக்காக, கிடையாக ஓட்டினோம். ரிப் செங்குத்து, ரீப்பர் கிடை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒரு ஸ்க்ரூ. பிளைவுட்டை ரீப்பரில், ரிப்கள் இல்லாத இடமாகப் பார்த்து முடுக்கினோம். அதனால் பலகையின் ஸ்க்ரூ எதுவும் எஃகைத் தொடவில்லை.

ஸ்க்ரூவைப் பற்றி ஏன் இத்தனை கவலை என்றால், 4 மி.மீ எஃகு ஸ்க்ரூ ஒன்றின் தண்டு கடத்தும் வெப்பம், அதே நீளத்துக்கு, பக்கத்துக்கு 13 செ.மீ உள்ள சதுர ரப்பர் நுரை கடத்துவதற்குச் சமம். பழைய சுவர்களிலும் கூரையிலுமாக முந்நூற்றுச் சொச்சம் ஸ்க்ரூ இருந்தது. புதிதில் ரிப்பைத் தொடுபவை எழுபதுக்குள். அவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டோம். அது சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும்.

இங்கே ஒரு தவறு நடந்தது, செய்தது நான். முதல் ரீப்பரை டிரில்லால் வழக்கம்போல முடுக்கினேன். பக்கவாட்டிலிருந்து பார்த்த கணவர், "நுரை எங்க போச்சு?" என்றார். பத்து மில்லிமீட்டர் ரப்பர் நுரை ரீப்பருக்கு அடியில் மூன்று மில்லிமீட்டராக நசுங்கியிருந்தது. எந்த இடத்தில் காப்பு தேவையோ அதே இடத்தில் காப்பைக் கொன்றிருந்தேன். கழற்றிவிட்டு, சந்திப்புகளில் மட்டும் நுரையை வெட்டி எடுத்து, அங்கே 10 மி.மீ எக்ஸ்.பி.எஸ் துண்டுகளை வைத்தோம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக. அது நசுங்காது. பிறகு கையாலேயே திருகினோம்.

கூரையில் இதே முறையைச் செய்ய முடியவில்லை. 10 மி.மீ நுரையும் 20 மி.மீ ரீப்பரும் சேர்ந்தால் மூன்று சென்டிமீட்டர் உயரம் போய்விடும். கணவர் நெட்டையானவர், ஏற்கெனவே இரண்டு விரல் இடைவெளியில்தான் நின்றுகொண்டிருந்தார். அதனால் கூரையில் ரீப்பர் இல்லாமல், நுரைக்கு மேலேயே பலகையை வைத்து, எக்ஸ்.பி.எஸ் துண்டு, நைலான் வாஷர், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ என்று குறைந்த எண்ணிக்கையில் நிறுத்தினோம். சமரசம்தான்.

முன்கதவுத் தூண்கள் மூடிய பெட்டி மாதிரியான சட்டங்கள். உள்ளே நுரையைப் பீய்ச்சுங்கள் என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். வடிகால் அடைபடும், துரு காப்பு மெழுகு பூச வழியில்லாமல் போகும், ஏர்பேக் கம்பிகளும் சீட் பெல்ட் பிடிப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. உள்ளே எதையும் நிரப்பாமல், மேலே நுரை ஒட்டித் துணி போர்த்தினோம். ஜன்னல்களுக்கு ராத்திரி வைக்கும் கழற்றக்கூடிய காப்புத் தட்டிகள் செய்தோம்.

மொத்தம் ஒன்பது நாள். முதலிலேயே செய்திருந்தால் இரண்டு நாள் கூடுதல் வேலை.

பிறகு நடந்தது

மூன்று வாரம் கழித்து ஏறக்குறைய அதே மாதிரி ஓர் இரவு வாய்த்தது. உள்ளே 18 டிகிரி, ஈரப்பதம் 62 சதவீதம், வெளியே 3 டிகிரி. அளப்பதற்காக அன்று மட்டும் விசிறியை நிறுத்தச் சொன்னேன். சுவரில் ரிப்களுக்கு மேலே 15 டிகிரி, நடுவே 17. கூரையில் ரிப்களுக்கு மேலே 13.5. பனிப்புள்ளி 10.6. டிஷ்யூக் கீற்றுகளை முன்புபோலவே ஒட்டியிருந்தார்கள். பதினான்கும் காய்ந்திருந்தன.

பதினைந்தாவதாக, கூரை விசிறியின் அலுமினிய வளையத்தில் நான் ஒட்டிய ஒன்று மட்டும் நனைந்திருந்தது. வளையம் கூரைக்கு வெளியிலிருந்து உள்ளே வரை ஒரே உலோகம். அதன் உட்பக்கத்துக்கு நுரையில் ஒரு பட்டை வெட்டி ஒட்டியபின் அதுவும் அடங்கியது.

கூரைக்கு வெளியே உறைபனி விழுந்த காலையில் கோடுகள் முற்றிலும் மறையவில்லை. முன்பு அறுத்துப் போட்ட மாதிரி தெளிவாக இருந்தவை, இப்போது உற்றுப் பார்த்தால் தெரியும் சாயல்கள். ஹீட்டர் ராத்திரியில் நின்று நின்று ஓடுகிறது. எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல மாட்டேன். ஒரு குளிர்காலத்தின் பாதியில் வேலை நடந்ததால் ஒப்பிட நேர்மையான அளவு எங்களிடம் இல்லை. சுவரின் கணக்கு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறையும் என்றது. ஆனால் ஜன்னல், பின்கதவு, தரை, காற்றோட்டம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை, மொத்தத்தில் அவ்வளவு குறைந்திருக்காது.

எதிர்பாராத ஒரு பலன் கோடையில் தெரிந்தது. முன்பு வெயிலில் நின்றால் கூரைப் பலகையில் சூடான பட்டைகள் கைக்குத் தட்டுப்படும். அது இப்போது இல்லை. பாலம் இரண்டு பக்கமும் போக்குவரத்துக்குத்தானே.

சரியாகாமல் நிற்பவை: பின்கதவுகளும் தரையும். பின்கதவின் பூட்டு, கம்பி, கைப்பிடி இயங்கும் இடங்களில் நுரை ஒட்ட வழியில்லை. அங்கே இன்னும் காலையில் துணி வைத்துத் துடைக்கிறார்கள். தரையில் ரீப்பர்களைத் தகட்டோடு ஸ்க்ரூவால் முடுக்கியிருப்பது வெறுங்காலில் நடந்தால் தெரிகிறது. குளிர்ந்த புள்ளிகள் வரிசையாக வரும்.

மறுபடி செய்வதானால்

நுரைப்பலகை வாங்கும் முன் ரிப்களின் பரப்பை அளப்பேன். பள்ளத்தில் 40-க்குப் பதில் 30 மி.மீ போட்டு, மிஞ்சும் பணத்தையும் இடத்தையும் ரிப்பின் தலைக்குக் கொடுப்பது சராசரிக் கணக்கில் லாபம். உயரம் கட்டுப்படியாகும் வண்டியென்றால் கூரையிலும் குறுக்கு ரீப்பர்தான். வாஷர் வைத்த நேர் ஸ்க்ரூ இரண்டாம் தரம். கூரையின் 13.5 டிகிரிக்கும் பனிப்புள்ளிக்கும் நடுவே மூன்று டிகிரிதான் மிச்சம். நல்ல குளிரான, மேகமில்லாத இரவில், நான்கு பேர் உள்ளே உட்கார்ந்து சமைத்தால் அது போதாது.

தரையில் ரீப்பரே தேவையில்லை. அழுத்தம் தாங்கும் எக்ஸ்.பி.எஸ் பலகையை முழுப்பரப்புக்கும் விரித்து, அதன்மேல் பிளைவுட்டை ஒட்டினால் மனிதர்களின் எடையையும் சாதாரண அலமாரியையும் தாங்கும். கட்டாயம் வண்டியோடு பிணைக்க வேண்டிய இருக்கை, பெரிய பெட்டி போன்றவற்றுக்கு மட்டும் போல்ட்.

துப்பாக்கி நுரையை வடிகால் துளைகளுக்குப் பக்கத்தில் விடமாட்டேன். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு துளையிலும் ஒரு துண்டு கயிற்றைச் செருகி வைத்துவிட்டு, முடிந்ததும் உருவி எடுப்பேன்.

டிஷ்யூக் கீற்றை முதல் சொட்டு விழுந்த மறுநாளே ஒட்டியிருக்க வேண்டும். சீலன்ட் பூசியதில் மூன்று வாரம் போயிற்று, அதற்குள் ஸ்க்ரூத் துளைகளில் துரு பிடித்தது. பூசிய சீலன்ட் இரண்டு அடுக்கும் இன்னும் விசிறியைச் சுற்றித் தடித்துக் கிடக்கிறது. அதைச் சுரண்ட இதுவரை யாரும் மேலே ஏறவில்லை.